நாலு டிஸ்ட்ரோ மாத்தியாச்சு, இப்ப எதுல நிக்கறது, விண்டோஸை எப்ப தூக்கறது

கேள்வி இதுதான்: 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள பழைய லேப்டாப், விண்டோஸ் 11 ஏறாதுன்னு சொல்லிடுச்சு, அதனால லினக்ஸ் பக்கம் வந்து ரெண்டு மாசத்துல உபுண்டு, மிண்ட், ஃபெடோரா, மஞ்சாரோன்னு நாலு டிஸ்ட்ரோ (லினக்ஸை வச்சு ஆளாளுக்குக் கட்டின ஓஎஸ்) போட்டுப் பாத்தாச்சு, எல்லாத்துலயும் வைஃபை அப்பப்ப அறுந்துபோகுது, ஒவ்வொண்ணுலயும் ஏதோ ஒண்ணு பிடிக்கல, மஞ்சாரோல ஏதோ போட்டதும் அப்டேட்டே ஓடல, கடைசியா எதைப் போடறது, விண்டோஸை மொத்தமா அழிச்சிடலாமா.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். மிண்ட்டைத் திரும்பப் போடுங்க, மூணு மாசத்துக்கு அதைத் தொடாதீங்க, விண்டோஸை இப்போதைக்கு அழிக்காதீங்க. மிண்ட்தான் ஒசத்தின்னு சொல்லல, நானே இப்ப அதை யூஸ் பண்ணல. ஆனா உங்க பிரச்சினை எந்த டிஸ்ட்ரோங்கறதுல இல்ல.

வைஃபைய எடுத்துக்குவோம். நாலு டிஸ்ட்ரோலயும் ஒரே கோளாறுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க, அதுலயே விடை இருக்கு. வைஃபை சிப்பை ஓட்டற டிரைவர் இருக்கறது கெர்னலுக்குள்ள, அதாவது ஓஎஸ்ஸோட மையப் பகுதிக்குள்ள, 1991ல லைனஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பிச்சு வச்ச அந்த லினக்ஸ்ல. உபுண்டுவும் அதைத்தான் எடுத்துக்குது, ஃபெடோராவும் அதைத்தான், வெர்ஷன்தான் கொஞ்சம் முன்னபின்ன இருக்கும். அதுக்கு மேல இன்ஸ்டாலர், சாஃப்ட்வேரைப் போட்டு எடுக்கற பேக்கேஜ் மேனேஜர், திரையில தெரியற முகமான டெஸ்க்டாப், டீஃபால்ட் செட்டிங்ஸ், எத்தன மாசத்துக்கு ஒருதடவ புது வெர்ஷன் விடறதுங்கற கணக்கு, இதெல்லாம் சேர்த்துக் கட்டின பொட்டலம்தான் டிஸ்ட்ரோ. சட்டைய மாத்தினா காய்ச்சல் எறங்காது, அதே கதைதான் இங்கயும்.

சரி அப்ப என்ன பண்றதுன்னா, பவர் சேவிங்கைப் பாருங்க. லேப்டாப் வைஃபை கார்டு பேட்டரியை மிச்சம் பிடிக்க நடுவுல நடுவுல தூங்கப் போகும், சில சிப்புங்க தூங்கினா ஒழுங்கா எந்திரிக்காது, அப்பதான் கனெக்‌ஷன் இருக்கற மாதிரியே காட்டும் ஆனா ஒரு பேஜும் லோடாகாது. உபுண்டுலயும் மிண்ட்லயும் எட்சி டைரக்டரிக்குள்ள நெட்வொர்க்மேனேஜர்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள கான்ஃப் டாட் டின்னு ஒண்ணு, அதுல வைஃபை பவர்சேவ்னு பேர்ல வர்ற ஒரு சின்ன ஃபைல் இருக்கும். தொறந்தா ரெண்டே வரிதான். ரெண்டாவது வரியில வைஃபை டாட் பவர்சேவ்னு போட்டு 3ன்னு இருக்கும். 3ன்னா ஆன், 2ன்னா ஆஃப். அந்த 3ஐ 2 ஆக்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. உங்க மெஷின்ல இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா நான் பார்த்த இந்த மாதிரி கேஸ்ல பாதிக்கு மேல இந்த ஒத்த எழுத்துலயே முடிஞ்சுபோச்சு. இதுலயும் சரியாகலன்னா மிண்ட்டோட அப்டேட் மேனேஜர்ல வியூ மெனுவுக்குள்ள கெர்னல் லிஸ்ட் இருக்கு, அதுல வேற கெர்னல் ஒண்ணு போட்டுப் பாருங்க, பழசும் கூடவே இருக்கும், புதுசு சரியில்லன்னா பூட் ஆகும்போது பழசை செலக்ட் பண்ணிக்கலாம். யோசிச்சுப் பாத்தா நீங்க டிஸ்ட்ரோ மாத்தி மாத்தி சுத்தி வளைச்சுத் தேடினதும் இந்த வேற கெர்னலைத்தான், அதை ரெண்டு க்ளிக்ல பண்ணியிருக்கலாம்.

அடுத்தது இந்தப் பிடிக்கல விஷயம். உபுண்டு பிடிக்கல ஏன்னா பட்டை இடது பக்கம் இருக்கு, மிண்ட் பிடிக்கல ஏன்னா பழைய காலத்து விண்டோஸ் மாதிரி இருக்கு, ஃபெடோரா பிடிக்கல ஏன்னா மினிமைஸ் பட்டனே இல்ல. இந்த மூணும் டெஸ்க்டாப்போட குணம். உபுண்டுலயும் ஃபெடோராலயும் இருக்கறது க்னோம், மிண்ட்ல சின்னமன். ஃபெடோராவுக்கே கேடிஇ பிளாஸ்மா போட்ட எடிஷன் இருக்கு, அதைப் பாத்தா அது ஃபெடோரான்னே உங்களுக்குத் தோணாது. மினிமைஸ் பட்டனும் க்னோம் ட்வீக்ஸ்னு ஒரு டூல் போட்டா வந்துடும், அதுக்குப் போயி ஓஎஸ்ஸையே அழிச்சுட்டு வேற போடறது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

குடும்ப மரத்தையும் கொஞ்சம் தெரிஞ்சு வச்சுக்குங்க, குழப்பம் பாதி கொறையும். டெபியன் 1993ல வந்தது. அதுலேர்ந்து 2004ல உபுண்டு, உபுண்டுலேர்ந்து 2006ல மிண்ட். அதனால இந்த மூணுலயும் சாஃப்ட்வேர் போட ஏபிடிதான், உபுண்டுக்குன்னு எழுதி வச்ச விளக்கம் தொண்ணூறு பங்கு மிண்ட்டுக்கும் பொருந்தும். ஃபெடோரா தனிக் குடும்பம், அதுல சாஃப்ட்வேர் போட டிஎன்எஃப், ஆறு மாசத்துக்கு ஒரு வெர்ஷன், ஒவ்வொரு வெர்ஷனுக்கும் சுமார் 13 மாசம்தான் ஆதரவு, அப்புறம் அடுத்ததுக்கு ஏறியே ஆகணும். ஆர்ச்னு இன்னொரு குடும்பம் 2002ல வந்தது, வெர்ஷன் நம்பரே கிடையாது, அப்டேட் வந்துகிட்டே இருக்கும். மஞ்சாரோ ஆர்ச்சை வச்சுச் செஞ்சது, ஆனா பேக்கேஜை உடனே விடாம கொஞ்ச நாள் பிடிச்சு வச்சுப் பாத்துட்டு விடறாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏயூஆர்ல, அதாவது ஆர்ச் யூஸ் பண்றவங்களே சேர்த்து வச்ச களஞ்சியத்துல இருக்கற சாஃப்ட்வேர் எல்லாம் ஆர்ச்சோட புது வெர்ஷனை நம்பி எழுதினது, மஞ்சாரோல அந்தப் புதுசு இன்னும் வந்திருக்காது, அங்கதான் ஒண்ணுக்கொண்ணு இடிக்குது. மஞ்சாரோல ஏதோ போட்டதும் அப்டேட்டே ஓடலன்னு எழுதியிருந்தீங்களே, அது அனேகமா இதுதான்.

நானும் இப்படி அலைஞ்சவன்தான், உத்தமன் மாதிரி பேசல. ஒரு வருஷத்துல பதினோரு டிஸ்ட்ரோ மாத்தினேன். சும்மா சொல்லக்கூடாது, ஜாலியாத்தான் இருந்துச்சு. புதுசாப் போட்ட எந்த ஓஎஸ்ஸும் மொத நாள் பறக்கும், ஏன்னா அதுல இன்னும் ஒண்ணும் இல்ல, மூணாவது வாரம் நம்ம குப்பை எல்லாம் ஏறினதும் பழைய மாதிரி ஆயிடும், உடனே எவனோ போட்ட ஒரு ஸ்க்ரீன்ஷாட் கண்ணுல படும், அன்னிக்கு ராத்திரியே அடுத்தது. இதுல ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்லியே ஆகணும். லேப்டாப்புக்குள்ள 500 ஜிபி டிஸ்க், வெளிய ஃபோட்டோ எல்லாம் வச்ச எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் 500 ஜிபி, அதைக் கழட்ட மறந்துட்டேன். இன்ஸ்டாலர்ல எஸ்டிஏ, எஸ்டிபின்னு ரெண்டு பேரு, ரெண்டுக்கும் பக்கத்துல ஒரே சைஸ். ஏற்கனவே பத்து தடவ பண்ண வேலைங்கற தைரியம், தூக்கக் கலக்கம் வேற, எரேஸ் டிஸ்க் குடுத்து நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு தட்டிட்டேன். எக்ஸ்டர்னல்ல இருக்கற சின்ன நீல லைட் மினுக்க ஆரம்பிச்சப்பதான் வயித்துல புளியக் கரைச்சுது, வயரைப் புடுங்கினேன், அதுக்குள்ள பார்ட்டிஷன் டேபிள், அதாவது டிஸ்க்கை எப்படிப் பிரிச்சிருக்குங்கற பட்டியல், போயிடுச்சு. ஃபோட்டோரெக்னு ஒரு டூல் வச்சு ரெண்டு நாள் ஓடவிட்டு முக்கால்வாசி படம் மீட்டேன், ஒண்ணுக்கும் ஃபைல் பேரும் இல்ல ஃபோல்டரும் இல்ல, வெறும் நம்பரா பல்லாயிரம் படம், இன்னிக்கு வரைக்கும் முழுசா அடுக்கி முடிக்கல. அதுலேர்ந்து இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி நான் செய்யற மொத வேலை, போடப்போற பென்டிரைவைத் தவிர எல்லா யூஎஸ்பியையும் கழட்டி மேஜைல வைக்கறது.

மாத்திப் பாக்கற ஆசை இருந்தா தாராளமா பாருங்க, ஆனா வேலை செய்யற மெஷின்ல வேணாம். வென்டாய்னு ஒண்ணு இருக்கு, பென்டிரைவ்ல ஒருதடவ போட்டுட்டா அப்புறம் ஐஎஸ்ஓ ஃபைலை (ஓஎஸ் மொத்தமும் அடங்கின ஃபைல்) வெறுமனே காப்பி பண்ணா போதும், அஞ்சாறு டிஸ்ட்ரோ ஒரே பென்டிரைவ்ல இருக்கும், பூட் பண்ணா எது வேணும்னு கேக்கும். இன்ஸ்டால் பண்ணாம லைவ்லயே ஓட்டிப் பாக்கலாம், டிஸ்க்ல ஒண்ணும் எழுதாது. லைவ்ல பாக்கும்போது வால்பேப்பரைப் பாத்துட்டு விட்டுடாதீங்க, வைஃபை, சவுண்ட், வெளிச்சம் கூட்டற கீ, டச்பேட்ல ரெண்டு விரல் ஸ்க்ரோல், வெப்கேம், முக்கியமா மூடியைச் சாத்தித் தூங்கவச்சு மறுபடி தொறந்தா எந்திரிக்குதான்னு பாருங்க. இன்னும் நிதானமா பாக்கணும்னா விர்ச்சுவல்பாக்ஸ், ஒரு ஓஎஸ்ஸுக்குள்ளயே இன்னொரு ஓஎஸ்ஸை ஓட்டற சாஃப்ட்வேர். உங்க 8 ஜிபில 4 ஜிபி அதுக்குக் குடுத்தா ஓடும், கொஞ்சம் மெதுவா ஓடும், ஆனா ஒரு டெஸ்க்டாப் கைக்குப் பழகுமா பழகாதான்னு தெரிஞ்சுக்க அது போதும்.

ஹோம் பார்ட்டிஷனை (உங்க ஃபைலும் செட்டிங்ஸும் இருக்கற டிஸ்க் பகுதி) தனியா வச்சுக்கோ, டிஸ்ட்ரோ மாத்தினாலும் ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கும்னு நெறைய பேர் சொல்லுவாங்க. பாதி உண்மை. அதே டிஸ்ட்ரோவைத் திரும்பப் போட அது அருமையான ஏற்பாடு. டிஸ்ட்ரோ விட்டு டிஸ்ட்ரோ தாவும்போது, புள்ளில ஆரம்பிக்கற மறைஞ்ச ஃபோல்டர்ல இருக்கற செட்டிங்ஸும் சேர்ந்தே வரும். க்னோமோட தீம் கேடிஇல வந்து நிக்கும், ஐகான் பாதி காணாப்போகும். ஃபயர்ஃபாக்ஸ் இன்னும் கறார், புது வெர்ஷன்ல ஓடின புரொஃபைலைப் பழைய வெர்ஷன்ல தொறந்தா தொறக்க மாட்டேன்னு சொல்லிடும், ஃபெடோராலேர்ந்து டெபியன் போனப்ப எனக்கு அதான் ஆச்சு. அதனால டாக்குமெண்ட், ஃபோட்டோ, பாட்டு இதுக்குன்னு தனியா ஒரு டேட்டா பார்ட்டிஷன் வச்சுக்குங்க, ஹோம் அந்தந்த டிஸ்ட்ரோவோட போகட்டும்.

இப்ப விண்டோஸ். இங்கதான் எல்லாரும் தலைகீழா போறாங்க. மொதல்ல ஓஎஸ்ஸை மாத்திட்டு அப்புறம் உக்காந்து சாஃப்ட்வேர் தேடறாங்க, ஒண்ணு கெடைக்கலன்னதும் லினக்ஸே சரியில்லன்னு திரும்பிடறாங்க. திருப்பிப் போடுங்க. விண்டோஸ்ல இருந்துகிட்டே சாஃப்ட்வேரை மாத்துங்க. ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆஃபிஸ், விஎல்சி, தண்டர்பேர்ட், பாஸ்வேர்டுக்கு கீபாஸ்எக்ஸ்சி, படம் வரைய க்ரிட்டா, எல்லாமே விண்டோஸ்லயும் ஓடும். ஒரு மாசம் இதுலயே வேலை பாருங்க. எங்கயாவது முட்டிக்குச்சுன்னா அங்கயே தெரிஞ்சுடும். முட்டலன்னா, லினக்ஸுக்கு வரும்போது உங்களுக்குத் தெரிஞ்ச அதே சாஃப்ட்வேர் கூடவே வரும், மாறறது பின்னாடி இருக்கற சுவரு மட்டும்தான்.

முட்டற இடங்களையும் மறைக்காம சொல்லிடறேன். ஃபோட்டோஷாப்புக்கும் ஆட்டோகேடுக்கும் லினக்ஸ் வெர்ஷன் கிடையாது. எம்எஸ் ஆஃபிஸ் பிரௌசர்ல ஓடும், ஆனா பெரிய மேக்ரோ வச்ச எக்செல் ஷீட்டை வச்சுப் பொழைப்பு நடத்தறவங்க விண்டோஸை விடவேண்டாம், லிப்ரேஆஃபிஸ் கால்க் அதை முழுசா ஓட்டாது. கேம் விஷயத்துல 2018ல கேம் விக்கற ஸ்டீம்ல, விண்டோஸ் கேமை லினக்ஸ்ல ஓட்டற ப்ரோட்டான் வந்ததுலேர்ந்து நெலமை ரொம்பவே மாறிடுச்சு, ஆயிரக்கணக்கான விண்டோஸ் கேம் ஓடுது, ஆனா வேலரன்ட், ஃபோர்ட்நைட் மாதிரி, ஏமாத்தி ஆடறதைத் தடுக்கற ஆன்ட்டிசீட் வச்ச சிலது ஓடாது. அந்த கேம்தான் உயிருன்னா விண்டோஸ் இருக்கட்டும், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

தமிழுக்கு ரெண்டு விஷயம் தனியா. டைப் பண்ண, ஐபஸ்னு மொழி மாத்தி அடிக்கற டூல் இருக்கு, அதோட எம்17என் பேக்கேஜைப் போடுங்க, தமிழ்99, ஃபொனெட்டிக், டைப்ரைட்டர் எல்லா லேஅவுட்டும் அதுல இருக்கு, கேடிஇ பக்கம் போனா அதே வேலையைச் செய்யற எஃப்சிஐடிஎக்ஸ் 5 நல்லா ஒத்துப்போகுது. பழைய வேர்ட் ஃபைல் இருந்தா உஷாரா இருங்க. லதா, நிர்மலா இதெல்லாம் விண்டோஸோட வர்ற ஃபான்ட், லினக்ஸ்ல அது இருக்காது, அதுக்குப் பதிலா நோட்டோவோ லோஹித்தோ வந்து நிக்கும், எழுத்து படிக்க வரும் ஆனா அகலம் மாறும், ஒரு பக்கத்துல அடங்கின பயோடேட்டா ஒண்ணேகால் பக்கம் ஆகும். பாமினி மாதிரி யூனிகோட் இல்லாத ஃபான்ட்ல அடிச்சதுன்னா இன்னும் மோசம், அந்த ஃபான்ட் இல்லாத மெஷின்ல தமிழே தெரியாது, வெறும் இங்கிலீஷ் எழுத்தா கொட்டிக் கெடக்கும். ஃபைல் கெட்டுப்போச்சுன்னு பயந்துடாதீங்க, பாமினி ஃபான்ட் ஃபைலை காப்பி பண்ணிக் கொண்டுவந்து டபுள் க்ளிக் பண்ணி இன்ஸ்டால் குடுத்தா சரியாயிடும்.

ரெண்டையும் ஒண்ணா வச்சுக்க, அதாவது டூயல் பூட்டுக்கு, முன்னாடியே செய்யவேண்டியது சிலது இருக்கு. விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒண்ணு ஆன்ல இருக்கும், அது இருந்தா ஷட்டவுன் குடுத்தாலும் விண்டோஸ் முழுசா மூடாது, அரைத் தூக்கத்துல இருக்கும், லினக்ஸ்லேர்ந்து அந்த டிரைவைத் தொறந்தா படிக்க விடும், எழுத விடாது. மொதல்ல அதை ஆஃப் பண்ணுங்க. டிஸ்க்கைப் பூட்டி வைக்கற பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னு பாருங்க, இருந்தா ரிகவரி கீயைப் பேப்பர்ல எழுதி வைங்க, பூட் செட்டிங்ஸ்ல எதையாவது தொட்டதும் 48 இலக்கம் கேட்டு நிக்கும், அப்ப தேடினா கெடைக்காது. இடம் ஒதுக்கறத விண்டோஸோட டிஸ்க் மேனேஜ்மெண்ட்லயே பண்ணுங்க, 256 ஜிபில லினக்ஸுக்கு ஒரு 100 ஜிபி குடுத்தா தாராளம். இன்ஸ்டாலர்ல எஸ்எஸ்டியே தெரியலன்னா பதறாதீங்க, பயோஸ்ல ஸ்டோரேஜ் மோட் ஆர்எஸ்டின்னு இருக்கலாம், அதை ஏஹெச்சிஐ ஆக்கணும், ஆனா அதுக்கும் விண்டோஸை முன்னாடியே தயார் பண்ணணும், சேஃப் மோட்ல ஒருதடவ ஏத்தினாத்தான் விண்டோஸ் அந்த மாத்தத்தை ஒத்துக்கும், சும்மா மாத்தினா நீல ஸ்க்ரீன்தான். கடிகாரம் மணிக்கணக்குல தப்பாக் காட்டினா அதுவும் கோளாறு இல்ல, விண்டோஸ் மதர்போர்டு கடிகாரத்துல லோக்கல் நேரத்தை எழுதும், லினக்ஸ் யூடிசின்னு சொல்ற உலகப் பொது நேரத்தை எழுதும், ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் தப்பாப் படிக்கறாங்க, டைம்டேட்சிடிஎல்னு ஒரு கமாண்ட் இருக்கு, அதுல லோக்கல் ஆர்டிசியை 1ன்னு வச்சா ரெண்டு பேரும் ஒத்துப்போயிடுவாங்க.

கமாண்டுன்னதும் ஞாபகம் வருது. எங்கயோ பாத்த வரியை அப்படியே டெர்மினல்ல ஒட்டாதீங்க, ஒட்டினாலும் என்டர் தட்டறதுக்கு முன்னாடி அதைப் படிங்க, தட்டினப்புறம் அது என்ன கேக்குதுன்னும் படிங்க. 2021ல ஒரு பெரிய யூட்யூபர் பாப் ஓஎஸ்னு ஒரு லினக்ஸ் டிஸ்ட்ரோல ஸ்டீம் போடப் போனாரு, அந்த நேரம் பேக்கேஜ்ல ஒரு குளறுபடி, ஸ்டீமைப் போட்டா டெஸ்க்டாப்பையே தூக்கணும்னு ஏபிடி சொல்லுச்சு, எச்சரிக்கையும் குடுத்துச்சு, நெஜமா வேணும்னா யெஸ் டூ ஆஸ் ஐ சேன்னு முழு வாக்கியத்தையும் டைப் பண்ணுன்னுச்சு. அவரு டைப் பண்ணாரு. டெஸ்க்டாப் போச்சு, கருப்பு ஸ்க்ரீன். தப்பு பேக்கேஜ்லதான், ஆனா ஒரு மெஷின் உங்களை முழு வாக்கியம் எழுதச் சொல்லுதுன்னா கையை எடுத்துட்டு மேல இருக்கற லிஸ்டைப் படிக்கணும். மிண்ட்ல டைம்ஷிஃப்ட்னு ஒரு டூல் கூடவே வருது, மொத நாளே சிஸ்டம் அப்ப இருக்கற நெலமையை ஒரு ஸ்னாப்ஷாட்டா எடுத்து வச்சுடுங்க, இந்த மாதிரி ஏதாச்சும் ஆனா பத்து நிமிஷத்துல பழைய நெலமைக்குப் போயிடலாம். ஆனா அது சிஸ்டத்தைத்தான் காப்பாத்தும், உங்க ஃபோட்டோவை இல்ல, அதுக்கு வேற டிஸ்க்ல பேக்கப் வேணும்.

அப்ப எப்பவுமே மாத்தவே கூடாதான்னா, அப்படி இல்ல. காரணம் இருந்தா மாத்துங்க. ரொம்பப் புது ஹார்ட்வேர் வாங்கி அதுக்குப் புது கெர்னல் வேணும்னா ஃபெடோரா. 4 ஜிபி ராம் மெஷின்னா எக்ஸ்எஃப்சிஇங்கற லேசான டெஸ்க்டாப் உள்ளது எதுவா இருந்தாலும் சரி. தெனமும் புதுசு வேணும், ஆனா உடைஞ்சா பின்னாடி போகவும் வழி வேணும்னா ஓபன்சூசே டம்பிள்வீட், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன்னாடி தானாவே ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கும், நான் இப்ப இருக்கறது அங்கதான். ஸ்னாப் பேக்கேஜ் (உபுண்டு கூட வர்ற இன்னொரு வகை சாஃப்ட்வேர் பேக்கேஜ்) பிடிக்கலன்னு உபுண்டுலேர்ந்து மிண்ட் போறாங்களே, அதுவும் காரணம்தான். மிண்ட் 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் இருக்கு, அதுவரைக்கும் உங்க லேப்டாப் இருந்தா பெரிய விஷயம்.

கடைசிக் கேள்வி, விண்டோஸை எப்ப அழிக்கறது. உங்க மெஷின்ல விண்டோஸ் 11 ஏறாததுக்கு டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப் இல்லாததோ பழைய ப்ராசஸரோ காரணமா இருக்கும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சாதாரண ஆதரவு முடிஞ்சாச்சு, தனியா பதிஞ்சுக்கிட்டவங்களுக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட். அதனால விண்டோஸை வச்சிருந்தாலும் அதுல பேங்க் வேலை, மெயில் எல்லாம் பாக்காதீங்க, அந்த ஒரு சாஃப்ட்வேருக்கு மட்டும் தொறங்க. ஒவ்வொரு தடவ விண்டோஸுக்குள்ள போகும்போதும் ஒரு பேப்பர்ல தேதியும் எதுக்குப் போனேன்னும் எழுதுங்க. என் பேப்பர்ல மொத மாசம் ஒன்பது வரி இருந்துச்சு, அதுல நாலு பிரிண்டர், மூணு கேம். மூணாவது மாசம் ஒரே வரி, அதுவும் விண்டோஸை அப்டேட் பண்ணப் போனது. அன்னிக்குத்தான் தூக்கினேன்.

தூக்கறதுக்கு முன்னாடி, விண்டோஸ் இருக்கும்போதே அதோட ஐஎஸ்ஓவை டவுன்லோட் பண்ணி அந்த வென்டாய் பென்டிரைவ்ல போட்டு வச்சுக்குங்க. விண்டோஸ் 10லேர்ந்து லைசென்ஸ் பெரும்பாலும் ஹார்ட்வேரோட டிஜிட்டலா ஒட்டிக்கிட்டு இருக்கும், செட்டிங்ஸ்ல ஆக்டிவேஷன் பக்கத்துல டிஜிட்டல் லைசென்ஸ்னு போட்டிருக்கான்னு பாத்துக்குங்க. இருந்தா, நாளைக்கே லேப்டாப்பை யாருக்காவது குடுக்கணும்னு வந்தாலும் அதே எடிஷனைப் போட்டு நெட்டைக் கனெக்ட் பண்ணா கீ கேக்காம தானா ஆக்டிவேட் ஆயிடும்.